உங்களுக்குத் தெரியுமா? காவலனே களைத்துப்போனால்...

● இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையிலிருந்து 1998-ல் முதல் சான்ட்ரோ கார் உருண்டு வந்தது. இன்று ஒரகடம் வரை வார்ப்படம், கடைசல், பெயின்ட், சீட் ஃபோம் என்று விதவிதமான வேலை. ஒவ்வொன்றும் நுரையீரலில் ஒவ்வொரு காவல் செல்லைச் சீண்டக்கூடியது!

● வார்ப்பட மணலில் இருப்பது சிலிக்கா. கண்ணில் படுகிற தூசு பெரும்பாலும் மூக்கிலேயே சிக்கிவிடும். 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் வில்லன். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். காற்றறை வரை போகிற அந்தத் துகளை அங்கே ரோந்து வரும் மேக்ரோஃபேஜ் செல் 'லபக்'கென்று விழுங்கும். கிருமி என்றால் செரித்துவிடும். இதுவோ கல்! செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பை கிழிகிறது, அழற்சி மணி அடிக்கிறது, செல் சாகிறது. வெளியே விழும் அதே துகளை அடுத்த செல் விழுங்குகிறது. பிறகு இன்னொன்று. வேலையை விட்டு நின்ற பிறகும் சிலிகோசிஸ் தழும்பு வளர்வது இதனால்தான்.

● விழுங்கும் செல்களின் வேலையை 1882-ல் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் முள் குத்திக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி மெச்னிகாஃப். 1908-ல் நோபல் கிடைத்தது.

● காசநோய்க் கிருமி ஒளிந்து வாழ்வதும் மேக்ரோஃபேஜுக்குள்தான். சிலிக்காவால் அந்தக் காவல் செல் தளர்ந்தவர்களை டிபி எளிதில் பிடிக்கும்.

● கார் பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு. 1984-ல் போபாலைக் கொன்ற வாயுவும் இதே குடும்பம். ஹார்டனரில் இருப்பதோ பல மாதம் ஒன்றும் செய்யாது. உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால், பிறகு துளி வாடையே போதும்: ஈசினோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள் மூச்சுக்குழாயில் குவிய, ராத்திரியில் வீசிங்.

● லேத்திலும் சிஎன்சி மெஷினிலும் ஊற்றும் கூலன்டில் நாள்பட்டால் கிருமி வளரும். அந்தச் சாரலைச் சுவாசித்த சிலருக்குச் சில மணி நேரத்தில் ஜுரம், இருமல். 'ஃப்ளூ' என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள். நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். புகைக்காத, நலமான ஒருவரிடம் அந்த நீரில் வரும் செல்களில் 85 சதவீதத்துக்கு மேல் மேக்ரோஃபேஜ்தான். இவர்களிடமோ லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களின் கூட்டம்!

● தொழிற்சாலைகள் சட்டம், 1948-ன் மூன்றாவது அட்டவணையில் சிலிகோசிஸும் ஐசோசயனேட் நச்சுப் பாதிப்பும் இடம்பெற்றிருந்தன. கண்டறிகிற டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள் இவை. ஆனால் உங்கள் வேலை என்னவென்று தெரிந்தால்தானே அவர் சந்தேகப்படுவார்? எந்த செக்‌ஷன், எத்தனை வருஷம், லீவு நாளில் இருமல் குறைகிறதா, இந்த மூன்றையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.