பரணில் கிடக்கும் பொன்னியின் செல்வன்

மறக்க முடியாத புத்தகம் எது என்று அறுபதைத் தாண்டிய தமிழ் வாசகரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தொடர்கதையின் பெயர்தான் வரும். பொன்னியின் செல்வன், குறிஞ்சி மலர், தில்லானா மோகனாம்பாள், கடல் புறா, கரையெல்லாம் செண்பகப்பூ. பெயரைச் சொன்ன கையோடு, "எங்க வீட்டுல பைண்டு பண்ணி வெச்சிருந்தோம்" என்பார்கள். இப்போது அது எங்கே என்றால்தான் பேச்சு தடுமாறும். தம்பி வீட்டில் இருக்கலாம். வீடு மாறும்போது எங்கோ போய்விட்டது. அம்மா போன பிறகு பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாயிற்று.

அந்த பைண்டு தொகுதி உருவான விதத்தை இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரப் பத்திரிகை வந்து விழுந்ததும் யார் முதலில் படிப்பது என்ற சண்டையில் ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோரும் படித்து, பக்கத்து வீட்டுக்கு இரவல் போய்த் திரும்பிய பிறகு, நடுவில் இருக்கும் பின்னை நிமிர்த்தித் தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவுவார்கள். கத்தரிக்கோல் பட்டால் ஓரத்து எழுத்து போய்விடும் என்ற பயம். கதை பாதியில் நின்று, 'தொடர்ச்சி' என்று வேறு பக்கத்துக்குத் தாவியிருந்தால் அந்தத் தாளையும் தேடிச் சேர்க்க வேண்டும். இரவல் போன இதழ் திரும்பாவிட்டால் ஒரு வாரக் கதை போச்சு. அதற்காக வெளியூர் அத்தைக்குக் கடிதம் போட்டவர்கள் உண்டு. யாரிடமோ ஒரு நாள் இதழை வாங்கி, விட்டுப்போன அத்தியாயத்தை முழுநீளத் தாளில் கையால் எழுதிச் செருகியவர்களும் உண்டு.

கதை முடிந்ததும் கட்டு பைண்டிங் கடைக்குப் போகும். மைதா பசையில் பூச்சி அண்டாமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். கெட்டி அட்டை, முதுகில் காலிகோ துணி. கூடக் காசு கொடுத்தால் பொன்னெழுத்தில் கதையின் பெயரும் வீட்டுக்காரரின் இனிஷியலும். கடையில் வாங்கிய எந்தப் புத்தகத்தையும்விட இது மனசில் தங்கியதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. வாசகர் தன் கையால் செய்த புத்தகம் அது.

கல்கியின் பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 மே மாதம் வரை வந்தது. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை மேல் வந்த வந்தியத்தேவனோடு, அன்றைய வாசகர்கள் மூன்று ஆடிப்பெருக்குகளைக் கடந்தார்கள். கதை தொடங்கியபோது கைக்குழந்தையாக இருந்தது, கதை முடியும்போது வாயாடிக்கொண்டிருந்திருக்கும். நந்தினி யார், பழுவேட்டரையர் என்ன செய்யப்போகிறார் என்பதெல்லாம் கிணற்றடியிலும் ஆபீஸ் வராந்தாவிலும் வாரம் முழுக்கப் பேசப்பட்டன. அப்படி மூன்றரை ஆண்டு கூடவே இருந்தவர்களை மனசு எளிதில் வெளியே அனுப்பாது. பெண் பிறந்தால் குந்தவை, வானதி என்று பெயர் வைத்தார்கள். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் வந்தபோது அரவிந்தன்களும் பூரணிகளும் பிறந்தார்கள். அவர்களில் பலர் இன்று தாத்தா, பாட்டி.

கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதற்குப் பிறகு பொன்னியின் செல்வன் இல்லாத புத்தகக் கண்காட்சி அரங்கைப் பார்ப்பது அபூர்வம். 2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படங்கள் வந்து இன்னொரு தலைமுறையை அந்தப் பக்கம் இழுத்து வந்தன. ஆகவே கதைக்கு ஆபத்தில்லை. என் கவலை வேறு. பல மலிவுப் பதிப்புகளில் மணியத்தின் ஓவியங்கள் கிடையாது. குந்தவையின் கொண்டையும் நந்தினியின் பார்வையும் அவர் கையில் பிறந்தவை. அன்றைய வாசகர் மனசில் இருப்பது கல்கி எழுதிய குந்தவை மட்டுமல்ல, மணியம் வரைந்த குந்தவையும்தான். படத்தையும் கதையையும் பிரித்துவிட்டு, தாத்தா படித்த அதே புத்தகம் இது என்று பேரனிடம் கொடுத்தால் அது பாதி உண்மைதான். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய தில்லானா மோகனாம்பாளைக் கோபுலுவின் கோடுகள் இல்லாமல் படிப்பதும் அப்படித்தான்.

பைண்டு தொகுதியில் இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. தொடர்கதைத் தாளின் மறுபுறத்தில் சோப்பு, பல்பொடி, கூந்தல் தைல விளம்பரங்கள். அடியில் ஒரு துணுக்கு, மூலையில் ஒரு ஜோக். அன்றைய குடும்பம் எதை வாங்கியது, எதற்குச் சிரித்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று வேறில்லை. பின்னால் மாறிப்போன பெயர்களும் அதில் இருக்கும். ஜெயகாந்தனின் சில நேரங்களில் சில மனிதர்கள், 1972-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல். ஆனால் அது தொடராக வந்தபோது பெயர் 'காலங்கள் மாறும்'. பழைய பைண்டில் அந்தப் பெயர்தான் இருக்கும். சுஜாதா 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' என்று தொடங்கிய தொடர், எதிர்ப்பு எழுந்ததால் சில வாரங்களிலேயே நின்றுபோனது. பின்னர் அதை 'ரத்தம் ஒரே நிறம்' என்று புதிதாக எழுதினார். நின்றுபோன அந்தத் தொடரின் தாள்கள் எத்தனை பரண்களில் இன்னும் இருக்கின்றனவோ! அப்புறம், ஓரத்தில் பென்சிலில் எழுதியவை. பொன்னியின் செல்வனில் 'பாவம் மணிமேகலை' என்று ஒரு பாட்டி எழுதியிருந்தால், அது எந்த மறுபதிப்பிலும் வராது.

தொடர்கதையெல்லாம் இலக்கியமா என்று கேட்கும் விமர்சகர்கள் உண்டு. கைபேசியிலும் ஒலிநூலாகவும் கிடைக்கும்போது மக்கிய காகிதம் எதற்கு என்பவர்களும் உண்டு. அவர்கள் கதையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பேசுவது அதைப் படித்தவர்களைப் பற்றி.

காகிதம் நமக்காகக் காத்திருக்காது. பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதிலுள்ள லிக்னின், வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பேறும். தாளில் அமிலம் ஊறி, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். மயில்துத்தத்தை மீறி ராமபாணப் பூச்சி வரும், மழைக்காலத்தில் கரையான் வரும். இவை எல்லாவற்றையும்விட வேகமாக அழிப்பது, தனி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும் அந்த ஒரு மாதம். புது ஃப்ளாட்டில் பரணே இல்லை. எல்லாம் தராசில் ஏறுகிறது. முன்பெல்லாம் எடைக்குப் போனதில் கொஞ்சமாவது சென்னை மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் கரையேறும். 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. திருவல்லிக்கேணி நடைபாதையில் இன்றும் அதிர்ஷ்டசாலிகளுக்கு ஒன்றிரண்டு கிடைக்கின்றன. எடைக்குப் போவதில் பெரும்பகுதி மில்லில் கூழாகிறது.

ஒரு தனி மனிதரின் பிடிவாதம் எவ்வளவு செய்யும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சாட்சி. புத்தகங்களோடு பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூட அவர் விடவில்லை. 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக எழுந்தது. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஈழத் தமிழர்கள், 2005 முதல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஏற்றிவருகிறார்கள். இழந்தவர்களுக்குத் தாளின் அருமை தெரிந்திருக்கிறது. இழக்காத நாம்தான் கிலோ கணக்கில் போடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பைண்டு தொகுதி இருக்கக்கூடும். இறக்கிப் பாருங்கள். ஈரமில்லாத இடத்தில் படுக்கை வசமாக வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை சில வருஷங்களில் தாளைக் கறையாக்கிவிடும். துணியில் முடிந்த வசம்பு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். எல்லாப் பக்கங்களையும் படமெடுக்கப் பொறுமையில்லாவிட்டால் ஓவியங்களையும் விளம்பரங்களையும் கையெழுத்து உள்ள பக்கங்களையுமாவது எடுத்துவிடுங்கள். அதைச் சேர்த்துத் தைத்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஊரில் இருந்தபோது படித்தார், யார் படித்துக் காட்டினார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வைத்துக்கொள்ள இடமே இல்லையென்றால், பழைய இதழ்களைச் சேகரிக்கும் நூலகம் ஒன்றிடம் முதலில் கேளுங்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது இந்தக் கட்டை மட்டும் தயவுசெய்து தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.