சமைத்தது பாசி, பெயர் வாங்கியது கடல் முயல்

சிங்கப்பூரின் டோபி காட்டில் வடக்கு-தெற்கு ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் மரினா சவுத் பியர். தென்தீவுகளுக்குப் படகு அங்கே கிடைக்கும். அவற்றில் ஒன்றான புலாவ் ஹந்துவுக்கு வாடகைப் படகுதான். அந்தத் தீவில், வழுக்கும் என்று நாம் ஒதுங்கிப்போகும் பாசியை நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழக ஆய்வாளர்கள் அள்ளிச் சென்றார்கள். அதிலிருந்து பிரித்த 'ஹந்துபெப்டின் ஏ' என்ற சேர்மம் ரத்தப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் கொன்றதாக 2009இல் அறிவித்தார்கள்.

கடல் விலங்குகளில் மருந்து தேடுகிறவர்களுக்குப் பாசி எதற்கு? கடல் முயலின் கதையில் பதில் இருக்கிறது.

கடல் முயல் ஒரு நத்தையினம். ஓடு வெளியே தெரியாது. மொரீஷியஸ் பக்கம் 1972இல் பிடித்த கடல் முயல்களை அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பெட்டிட் ஆராயத் தொடங்கினார். டோலாஸ்டாட்டின் 10 என்ற நச்சுப்பொருளின் அமைப்பை வெளியிட 1987 ஆகிவிட்டது. டன் கணக்கில் பிழிந்தாலும் மில்லிகிராம் அளவில்தான் தேறியது. பிறகு 2001இல் அதே பொருள் பலாவ் நாட்டுக் கடலின் நீலப்பச்சைப் பாசியிலேயே கிடைத்தது. பாசி என்றாலும் அது உண்மையில் பாக்டீரியா இனம். முயல் அதைத் தின்று நஞ்சைச் சேர்த்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

நஞ்சை அப்படியே நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. எனவே அதன் செயற்கை உறவுப்பொருளை ஓர் எதிர்ப்பொருளோடு இணைத்தார்கள். ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றணுவின் மேலுள்ள சிடி30 புரதத்தை எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும். உயிரணு அதை உள்ளே இழுத்ததும் இணைப்பு அறுந்து நஞ்சு வெளியாகும். உயிரணு இரண்டாகப் பிரிய உதவும் நுண்குழல்கள் சிதையும். 'பிரென்டுக்சிமாப் வெடோட்டின்' என்ற அந்த மருந்துக்கு அமெரிக்கா 2011இல் அனுமதி தந்தது. அதற்காக எந்தக் கடல் முயலையும் பிடிக்க வேண்டியதில்லை.

கரீபியக் கடற்பஞ்சில் கண்ட சேர்மங்களைப் பார்த்து உருவாக்கிய சைட்டராபின் 1969 முதலே ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. தொட்டால் நீர் பீய்ச்சும் ஓர் உயிரினத்தில் கிடைத்த டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்தையும், அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் தயாரிக்கிறது.

ஹந்துபெப்டின் இன்னும் மருந்தாகவில்லை. கண்ணாடித் தட்டில் புற்றணுவைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். உடம்புக்குள் நல்ல அணுவை விட்டுவைப்பவை சொற்பம். கடல் அட்டைச் சாற்றுப் புட்டியை 'புற்றுநோய்க்கு நல்லது' என்று யாராவது சொல்லி விற்றால், எந்தச் சோதனையில், எத்தனை நோயாளிகளிடம் என்று கேட்டுப் பாருங்கள்.