வாங்க ஆள் உண்டு, ஓர் எல்லை வரை

சிறு, நடுத்தர நிறுவனங்களின் புதிய பங்கு வெளியீடுகளில் தனிநபர் விண்ணப்பம் குறைந்தது இரண்டு லாட்டாகவும், 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதாகவும் இருக்க வேண்டுமென்ற விதி 2025 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்ததை அடுத்து, சிறுசேரி சிப்காட்டில் பணிபுரிவோரும் தாம்பரத்து ஓய்வூதியர்களும் எழுதும் கடிதங்களில் ஒரு சந்தேகம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: வாங்கிய பங்கை விற்க நினைக்கும் நாளில் வாங்குவார் உண்டா?

சிறு முதலீட்டாளரின் க்ஷேமத்தை உத்தேசித்தே தொகை உயர்த்தப்பட்டதாகச் செபி சொல்கிறது. வாசற்படியை உயர்த்தினால் உள்ளே வருவோர் குறையலாம். வெளியேறும் வழி அதனால் அகலமாகிவிடாது.

மும்பைப் பங்குச் சந்தையும் தேசியப் பங்குச் சந்தையும் 2012இல் இத்தகைய சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கெனத் தனி மேடைகளைத் திறந்தபோதே, கைமாறாமல் தேங்கிவிடும் பங்கை யார் தொடுவார் என்ற அச்சத்தைப் போக்க, 'மார்க்கெட் மேக்கர்' என்ற தரகர் கட்டாயமாக்கப்பட்டார். வெளியீட்டில் குறைந்தது 5 சதவீதத்தை முதலிலேயே பெற்றுக்கொண்டு, மூன்றாண்டுக் காலம், சந்தை நடக்கும் நேரத்தில் முக்கால் பங்காவது, வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் திரையில் நிறுத்திவைப்பது அவர் கடமை. யுக்தி மெச்சத்தக்கதே.

ஆனால் 20 கோடி வரையிலான வெளியீட்டில், அவர் கையிருப்பு 25 சதவீதத்தை எட்டியதும் வாங்கும் விலை கூறும் நிர்ப்பந்தம் நீங்கிவிடுகிறது. 24 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே அது மீளும். வெளியீடு 80 கோடியைத் தாண்டினால் அந்த எல்லை வெறும் 12 சதவீதம். உதாரணமாக, 2024 ஆகஸ்டில் டெல்லியில் இரண்டு மோட்டார் சைக்கிள் ஷோரூம்கள் வைத்திருந்த ரிசோர்ஸ்ஃபுல் ஆட்டோமொபைல் கேட்டது சுமார் 12 கோடி. விண்ணப்பங்கள் குவிந்ததோ ஏறத்தாழ 400 மடங்கு. அந்த அளவுள்ள வெளியீட்டில், 60 லட்ச ரூபாய்ப் பங்குடன் தொடங்கும் மார்க்கெட் மேக்கர், வெளியீட்டு விலைக் கணக்கில் இன்னும் 2.40 கோடிக்கு வாங்கியதும் கையை விரித்துவிடலாம். ஆக, எல்லோரும் ஏககாலத்தில் விற்கத் துடிக்கும் நாளில்தான் இந்தப் பாதுகாப்பு சட்டபூர்வமாகவே விலகிக்கொள்கிறது.

மற்ற கேள்விகள்:

ப்ராஸ்பெக்டஸைச் செபி பரிசீலிக்கிறதா? இல்லை, அனுமதிப்பது பங்குச் சந்தை.

கணக்கு முடிவுகள் எப்போது? ஆண்டுக்கு இருமுறை.

லாபம் அவசியமா? முந்தைய மூன்றாண்டுகளில் இரண்டிலேனும் 1 கோடி இயக்க லாபம் வேண்டும்.

பழைய பங்குதாரர்கள் தம் பங்கை இதில் விற்கலாமா? வெளியீட்டில் 20 சதவீதம் வரை.

மார்க்கெட் மேக்கர் யார்? ப்ராஸ்பெக்டஸில் பெயர் உண்டு. அவருடைய மூன்றாண்டு முடியும் தேதியையும் குறித்துக்கொள்க.