சுவரில் சித்திரம், வீட்டில் விளக்கு

ஒரு நகரத்துக்கு உயிர் தருவது எது? அகன்ற வீதிகளும் உயர்ந்த கட்டிடங்களும் மாத்திரம் அமைந்துவிட்டால் அது மக்கள் மனத்தில் இடம்பெறும் ஊராகிவிடுமா? கோயிலும் கூத்தும், இசையும் சித்திரமும், விழாவும் சந்தையும் சேர்ந்தே ஓர் ஊருக்குத் தனி முகத்தை அளிக்கின்றன. இவ்வுண்மையை உணர்ந்த பல நாட்டார், பொலிவிழந்த நகரப் பகுதிகளைக் கலையின் துணைகொண்டு புதுப்பிக்க முனைந்துள்ளனர். அம்முயற்சியின் நன்மையையும் அபாயத்தையும் ஒருங்கே காட்டும் ஊர், மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜோர்ஜ் ரவுண். எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராகவும் மலாயாவுக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணத்து முன்னோர் பலருக்குப் பினாங்கு பழகிய பெயரேயாகும்.

1786 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் நிறுவிய துறைமுகப் பட்டினம் அது. அங்கே சிறிது தூரம் நடந்தாலே, 1801 இல் இந்திய முஸ்லிம்கள் அமைத்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும், 1818 இல் எழுந்த ஆங்கிலிக்கன் தேவாலயத்தையும், சீனரின் கருணைத் தேவி ஆலயத்தையும், 1833 இல் தோன்றிய மகாமாரியம்மன் கோயிலையும் காணலாம். இவை காட்சிக்கென வைக்கப்பட்டவை அல்ல. வழிபட்டும் வாணிபம் செய்தும் அங்கே வாழ்ந்த மக்கள் தம் தேவைக்கென ஆக்கியவை. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த வரிசை வீடுகளில் ஊதுபத்தி செய்வோரும், பிரம்பு முடைவோரும், பெயர்ப்பலகை செதுக்குவோரும், பூமாலை தொடுப்போரும் தம் தொழிலை நடத்தினர். அதுவே அந்நகரின் மூலக்கலை எனலாம்.

2008 இல் யுனெஸ்கோ தாபனம் மலாக்கா நகருடன் ஜோர்ஜ் ரவுணையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதன்பின் புதிய கலைமுயற்சிகள் தொடர்ந்தன. ஒவ்வொரு வீதியின் பழங்கதையையும் நகைச்சுவையோடு கூறும் 52 இரும்புக் கம்பிச் சித்திரங்களை மாநில அரசாங்கம் சுவர்களில் நிறுவியது. 2010 இல் ஆண்டுதோறும் நடைபெறும் கலைவிழா ஆரம்பமாயிற்று. 2012 இல் லித்துவேனியா நாட்டுச் சித்திரகாரரான ஏர்னஸ்ட் ஸக்கரேவிச் பல சுவர்ச் சித்திரங்களைத் தீட்டினார். ஆர்மேனியன் வீதியில், மெய்யான பழைய சைக்கிள் ஒன்றைச் சுவரிற் பொருத்தி, அதன்மேல் இரு சிறுவர் சிரித்தபடி செல்வதாக அவர் வரைந்த சித்திரம் உலகப் புகழ் பெற்றது. அதன் அருகே நின்று படம் பிடிக்க உல்லாசப் பிரயாணிகள் வரிசையிற் காத்து நிற்கலாயினர். காரை உதிர்ந்த சுவரும் கண்ணுக்கு விருந்தாயிற்று. கலையின் ஆற்றல் அத்தகையது!

ஆயினும் நாம் இவ்விடத்தில் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். அச்சுவர்களுக்குப் பின்னால் வாழ்ந்தவர்களின் நிலை யாது?

1948 க்கு முன் கட்டப்பட்ட கட்டிடங்களின் வாடகையை 1966 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டுப்படுத்தி வந்தது. சிறு வருவாயுடைய தொழிலாளர் நகரின் நடுவே குடியிருக்க முடிந்தமைக்கு இதுவே முக்கிய காரணம். 1997 இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் அதன் பாதுகாப்பு முற்றாக ஒழிந்தது. வாடகை உயரவே பல குடும்பங்கள் வெளியேறின. பின்னர் புகழ் வந்தபோது பழைய வீடுகள் விடுதிகளாகவும் தேநீர்ச்சாலைகளாகவும் மாறின. பிரம்பு முடைபவர் தரும் வாடகையைவிட விடுதி நடத்துபவர் தரும் வாடகை பெரிதன்றோ? வீட்டுக்காரர் எதை விரும்புவார் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

சித்திரகாரரை இதற்காகக் குறைகூறுதல் பொருந்தாது. வெளியேற்றம் சித்திரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. எனினும், சித்திரம் ஈட்டிய புகழ் நிலத்தின் விலையை உயர்த்துமேயன்றித் தாழ்த்தாது. அந்தப் புகழின் பயன் குடியிருப்போரையும் சேரும்படி செய்வது ஆள்வோர் கடமை. குடிகளை இழந்த வீதியிற் சிறுவர் சுவரில் மாத்திரமே சைக்கிள் ஓட்டுவர். வீதியில் ஓட்டுவதற்கு ஒருவரும் இரார்.

பரிகாரம் இல்லாமலில்லை. 2009 இல் அமைந்த 'திங்க் சிற்றி' என்னும் நிறுவனம் பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்க உதவிப்பணம் வழங்கியது. இத்தகைய உதவியைப் பெறும் வீட்டுக்காரர், பழைய குடிகளுக்கு நெடுங்காலக் குத்தகையை நியாயமான வாடகையில் வழங்கவேண்டும் என்று விதித்தால் நகரமும் வாழும், கைத்தொழிலும் வாழும். முதிய கைவினைஞரிடம் இளைஞர் தொழில் பயில உபகாரச் சம்பளம் அளிப்பதும் நற்பணியாகும்.

2019 இன் இறுதியில் இலங்கையின் பல நகரங்களிலும் இளைஞர் தாமாகவே முன்வந்து சுவர்களுக்கு வண்ணம் தீட்டினர். அந்த ஆர்வம் போற்றத்தக்கது. மாணவர்களுக்கு நாம் கூறவிரும்புவது இதுவே: தூரிகையை எடுக்குமுன் அச்சுவருக்குப் பின்னால் வாழ்பவர் யார், அவர் தொழில் என்ன, அவர் சொல்லும் கதை யாது என்று கேட்டறியுங்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு தீட்டும் சித்திரமே ஊரின் சித்திரமாகும். வீட்டில் விளக்கு எரிந்தாலன்றிச் சுவரின் அழகு நிலையாது.