கணவர் ட்ரெய்னிங்கில்... மனைவி பெயர் எந்தப் பதிவேட்டில்? பாகூர், வில்லியனூர் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டிலிருந்து ஒருவர் ராணுவத்துக்கோ துணை ராணுவத்துக்கோ பயிற்சிக்குக் கிளம்பினால் ஊரே வந்து வாழ்த்தும். சில இடங்களில் பேனர்கூட வைப்பார்கள். அவர் ரயில் ஏறிய பிறகு மனைவிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு அறிவுரைதான்: "தைரியமா இரும்மா."

தைரியம் வேண்டும்தான். ஆனால் அடுத்த சில மாதங்களில் வரும் சிக்கல்கள் பலவும் தைரியத்தால் தீராது. ஒரு சான்றிதழ், ஒரு கையெழுத்து, சரியான ஒரு போன் நம்பர் இருந்தால் தீரும். பயிற்சிக் காலத்தில் ராணுவத்தின் கணக்கில் மனைவி எங்கே இருக்கிறார்? அவர் கிளம்புவதற்கு முன் வீட்டில் என்னென்ன முடித்து வைக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கல்யாணம் ஆனவர் பயிற்சிக்குப் போக முடியுமா?

படைக்குப் படை விதி வேறு.

அக்னிவீர்: 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் திருமணம் ஆகாதவர்கள்தான் சேர முடியும். 4 ஆண்டு சேவை முடியும்வரை திருமணம் செய்துகொள்ளவும் கூடாது.

அதிகாரிகள்: யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழியாக டேராடூன் இந்திய ராணுவ அகாடமிக்குப் போகிறவர் திருமணம் ஆகாதவராக இருக்க வேண்டும். பயிற்சியின்போது திருமணம் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அவருக்கு அரசு செய்த செலவையும் திருப்பிக் கட்ட வேண்டும். விமானப்படையில் 25 வயதைக் கடந்தவர் திருமணமானவராக இருக்கலாம். ஆனால் பயிற்சி முடியும்வரை குடும்பக் குடியிருப்பு கிடையாது, வெளியே வீடு எடுத்து மனைவியோடு தங்கவும் அனுமதி கிடையாது.

துணை ராணுவம்: சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற படைகளின் கான்ஸ்டபிள் வேலைக்குத் திருமணமானவர்களும் விண்ணப்பிக்கலாம். 2024 முதல் இந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பதால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறது.

ஏற்கெனவே ராணுவத்தில் இருப்பவர்கள்: ஜவானாகச் சேர்ந்தவர் அதிகாரியாக உயர ராணுவ கேடட் கல்லூரி என்ற வழி இருக்கிறது. அங்கே 3 ஆண்டு, பிறகு இந்திய ராணுவ அகாடமியில் 1 ஆண்டு. ஆக மொத்தம் 4 ஆண்டு மறுபடியும் மாணவர் வாழ்க்கை. பதவி உயர்வுக்கான சிறிய பயிற்சிகள் இது தவிர.

ஆக, 'பயிற்சியில் இருப்பவரின் மனைவி' என்ற நிலை கடைசி இரண்டு வகையில்தான் அதிகம் வருகிறது. அக்னிவீருக்கு நிச்சயம் ஆகிக் காத்திருக்கும் பெண்ணுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. "யாருக்கும் தெரியாம ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்ற யோசனை ரொம்ப ஆபத்தானது. அது சேவை நிபந்தனையை மீறுவது. அவர் வேலையே போகலாம்.

அங்கே என்ன நடக்கிறது? ஏன் போன் எடுப்பதில்லை?

மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. சி.ஆர்.பி.எஃப்.புக்கு ஆவடியிலும், சி.ஐ.எஸ்.எஃப்.புக்கு அரக்கோணம் பக்கத்தில் தக்கோலத்திலும் பயிற்சி மையங்கள் உண்டு. தக்கோலம் மையத்துக்கு 2025 மார்ச்சில், அதே ஊரில் போரில் இறந்த சோழ இளவரசன் ராஜாதித்தன் பெயரை வைத்தார்கள். தூரம் என்று பார்த்தால் வில்லியனூரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். ஆனால் பயிற்சி மைய கேட்டுக்கு உள்ளே இருப்பவரை நினைத்த நேரத்தில் பார்க்க முடியாது.

பயிற்சி மையங்களில் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். செல்போன் பெரும்பாலும் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் கைக்கு வரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மா, அப்பா, மனைவி என்று எல்லோரிடமும் பேசியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் நாலு நாள் அப்படியே இருந்தால் அவர் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை.

இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு போதும். யாரிடம் முதலில் பேசுவார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். மாமியார் மருமகள் வருத்தங்கள் பல இந்த ஒரு போன் காலில்தான் ஆரம்பிக்கின்றன.

அவசரத்துக்கு என்ன வழி? அவருடைய சொந்த நம்பர் உதவாது. பயிற்சி மையத்தின் அலுவலக எண், அவருடைய சேவை எண், கம்பெனி, பிளாட்டூன் ஆகிய விவரங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். "வில்லியனூர்லேர்ந்து வந்த பையன்" என்று சொன்னால் நூற்றுக்கணக்கானோரில் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

'பார்ட்-2 ஆர்டர்' என்றால் என்ன?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ராணுவத்தில் ஒரு ஜவானுக்குத் திருமணம் ஆனால், அது தானாகப் பதிவேட்டில் ஏறாது. அவர் திருமணச் சான்றிதழோடு தன் யூனிட்டில் தெரிவிக்க வேண்டும். யூனிட் அதை 'பார்ட்-2 ஆர்டர்' என்ற உத்தரவாக வெளியிடும். அந்த உத்தரவு ஆவணக் காப்பு அலுவலகத்துக்குப் போய், சேவைப் பதிவில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஏறும். குழந்தை பிறந்தாலும் இதே நடைமுறைதான். மருத்துவம், கேன்டீன் கார்டு, குடியிருப்பு, குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தப் பதிவு.

துணை ராணுவத்தில் இதற்குச் சமமானது சேவைப் பதிவேட்டில் ஏறும் குடும்ப விவரம். அந்த விவரம் சரியாக இருந்தால்தான், 2021 ஜனவரியில் தொடங்கிய 'ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப்.' மருத்துவத் திட்டத்தில் மனைவி, குழந்தைகளைச் சேர்க்க முடியும்.

இன்னொன்று நாமினி. பணியில் சேரும்போது திருமணம் ஆகாதவர் அம்மா அல்லது அப்பா பெயரைக் கொடுத்திருப்பார். திருமணத்துக்குப் பிறகு காப்பீடு, வங்கி, சேமநிதி ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அதை மாற்ற வேண்டும். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களிலும் மாறிவிடும் என்று நம்ப வேண்டாம். வீரமரணத்துக்குப் பிறகு கிடைக்கும் தொகையில் பெற்றோருக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்ற விவாதம் 2024-ல் நாடு முழுக்க நடந்தது. இதை வீட்டில் பேசுவது யாருக்கும் கஷ்டம்தான். ஆனால் நல்ல நாளில் பேசுவது சுலபம். பெற்றோருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றால், அதற்கு இடம் உள்ள காப்பீடுகளில் இருவர் பெயரையும் பங்கு பிரித்துக் கொடுக்கலாம்.

இனிஷியல் தரும் தலைவலி

வட இந்திய அதிகாரிகளுக்குப் புரிய வைக்கக் கஷ்டமான விஷயம் நம் இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, திருமணச் சான்றிதழில் இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பதிவேட்டில் அவர் வேறொரு பெண்.

எந்த இனிஷியல் என்பது உங்கள் விருப்பம். அப்பா இனிஷியலையே தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம், தவறே இல்லை. ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், திருமணச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பார்ட்-2 ஆர்டர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கோவை இருக்கட்டும். கணவரின் படிவத்தில் உங்கள் பெயரை அவர் நினைவிலிருந்து எழுத வேண்டாம். ஆதார் நகலைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

பாகூரா, கடலூரா?

புதுச்சேரி மாவட்டத்தில் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்று 5 கொம்யூன் பஞ்சாயத்துகள். பாகூர்க்காரர்களுக்குக் கடலூர் ரொம்பப் பக்கம். பெண் எடுப்பது, மண்டபம் பிடிப்பது, ரயில் ஏறுவது என்று பாதி வாழ்க்கை எல்லை தாண்டித்தான் நடக்கிறது. அங்கேதான் குழப்பமும்.

திருமணம் புதுச்சேரி எல்லைக்குள் நடந்திருந்தால் அந்தப் பகுதி கொம்யூன் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோ பதிவு செய்யலாம். தாலி கட்டியது கடலூர் மண்டபத்தில் என்றால், தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 பொருந்தும். 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். எங்கே பதிவு செய்தாலும் இருவரின் கையெழுத்தும் தேவை. "அவர் லீவ்ல வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் அந்த 90 நாள் கடந்துவிடும். அதனால் கல்யாணம் முடிந்த வாரத்திலேயே இதை முடித்துவிடுங்கள்.

அதேபோல, படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் அலுவலகம் கடலூரிலும் இருக்கிறது என்பதற்காக அங்கே போய் நிற்க வேண்டாம். நிரந்தர முகவரி புதுச்சேரி என்றால், புதுச்சேரி அரசின் முப்படை நலத்துறைதான் உங்களுக்கான இடம். முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பணியில் இருப்பவர்களின் குடும்பங்களும் போகலாம். சொத்துத் தகராறு, வழக்கு என்றால் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் தொடங்கிய 'வீர் பரிவார் சகாயதா யோஜனா' திட்டத்தில் படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

இது நம் ஊருக்குப் புதுசா?

இல்லை. புதுச்சேரித் தமிழில் 'சொல்தா' என்ற சொல்லே இருக்கிறது. சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த மனைவிகள் இந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்திருக்கிறார்கள்.

1956 மே 28-ல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்த இணைப்பு ஒப்பந்தம், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றது. அதன் பிறகு பிரெஞ்சு பென்ஷன் குடும்பங்களில் பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது புதுச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கணவர் இறந்த பிறகு மனைவிக்குப் பென்ஷன் வர, கல்யாணம் நடந்ததற்கான பதிவு வேண்டும். ஊரே சாட்சி சொன்னாலும் அந்த ஒரு தாளுக்கு ஈடாகாது. இன்றைய பார்ட்-2 ஆர்டர் அந்தப் பழைய பாடத்தின் இன்னொரு வடிவம்.

வீட்டுச் செலவுக்கு?

பயிற்சியில் இருப்பவர் வங்கிக்குப் போக முடியாது, ஓ.டி.பி. வந்தாலும் போன் கையில் இருக்காது. எனவே மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் மனைவியின் கணக்குக்குப் பணம் தானாகப் போகும்படி வங்கியில் முன்பே எழுதிக் கொடுத்துவிடலாம். இருவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு இருப்பது நல்லது.

பணமே அனுப்பவில்லை, கண்டுகொள்ளவே இல்லை என்றால்? சட்டம் இருக்கிறது. ராணுவச் சட்டம் 1950-ன் 91-வது பிரிவின்படி, மத்திய அரசோ அதற்கு அதிகாரம் பெற்ற அதிகாரியோ உத்தரவிட்டால் ஜவானின் சம்பளத்திலிருந்து மனைவி, குழந்தைகளின் பராமரிப்புத் தொகையைப் பிடித்துக் கொடுக்கலாம். அதிகாரிகளுக்கு 90-வது பிரிவு. யூனிட்டின் கமாண்டிங் ஆபீசருக்கு எழுதும் கடிதமே முதல் படி. பார்ட்-2 ஆர்டரில் பெயர் இருந்தால் 'நான்தான் மனைவி' என்று முதலில் நிரூபிக்கும் வேலை மிச்சம்.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை எங்கே?

பயிற்சி அட்டவணைக்கு ஆடி தெரியாது, தலை தீபாவளி தெரியாது, வளைகாப்பும் தெரியாது. புது மாப்பிள்ளை இல்லாத தலை தீபாவளியில் ஊர் கேட்கும் கேள்விகளைப் பெண் மட்டும் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இதில் குடும்பம் செய்யக்கூடிய உதவி எளியது: அந்தக் கேள்விகளுக்குப் பெரியவர்களே முன்வந்து பதில் சொல்லிவிடலாம்.

பிறந்த வீட்டில் இருப்பதா, புகுந்த வீட்டில் இருப்பதா என்பதையும் கணவர் ஊரில் இருக்கும்போதே மூவரும் பேசி முடிவு செய்வது நல்லது. சேதராப்பட்டு தொழிற்பேட்டையிலோ புதுச்சேரி நகரத்திலோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், அவர் கிளம்புகிறார் என்பதற்காக வேலையை விட வேண்டாம். பயிற்சி முடிந்த உடனேயே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிடும் என்று உறுதி இல்லை. முதல் போஸ்டிங் குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடமாகவும் இருக்கலாம்.

தூக்கம் இல்லை, அழுகை நிற்கவில்லை, யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை என்ற நிலை நீடித்தால் 'டெலி மனஸ்' எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். ராணுவத்தினர், அவர்கள் குடும்பங்களுக்காக இதன் தனிப் பிரிவு ஒன்றும் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

மனைவி பயிற்சிக்குப் போனால்?

கான்ஸ்டபிள் தேர்வைப் பெண்களும் எழுதுகிறார்கள். அப்போது வீட்டில் காத்திருப்பவர் கணவர். பதிவேடு, நாமினி, போன் நேரம் எல்லாம் அவருக்கும் அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம்: அவரிடம் யாரும் "தைரியமா இரு" என்று சொல்வதில்லை, "எப்படி அனுப்பினே?" என்றுதான் கேட்கிறார்கள். அவருக்கும் பேச ஓர் ஆள் வேண்டும்.

கிளம்பும் முன் செக்லிஸ்ட்

1. திருமணச் சான்றிதழ்: அசல் ஒன்று வீட்டில், நகல்கள் அவர் பையில்.

2. பெயர், பிறந்த தேதி எல்லா ஆவணத்திலும் ஒன்றா என்று சரிபார்ப்பு.

3. பயிற்சி மைய அலுவலக எண், சேவை எண், கம்பெனி, பிளாட்டூன். உங்கள் போனிலும் வேண்டும், ஒரு நோட்டிலும் வேண்டும்.

4. கூட்டுக் கணக்கு, மாதப் பண ஏற்பாடு.

5. நாமினி மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியல்.

6. பார்ட்-2 ஆர்டர் அல்லது சேவைப் பதிவேட்டில் பெயர் ஏறியதற்கான நகல். வாய்வழியாக "போட்டாச்சு" என்றால் போதாது, போட்டோவாவது அனுப்பச் சொல்லுங்கள்.

7. பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குக் குடும்பத்தினரை அழைப்பார்கள். யார் போவது, நுழைவுக்கு என்ன அடையாள அட்டை என்பதை முன்பே கேட்டு வையுங்கள். தேதி உறுதியான அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள்; வெலிங்டன் என்றால் மேட்டுப்பாளையம் வரை ரயிலில் கூட்டம் அதிகம்.