தூக்குப் பாலமும் தொலைதூரக் குழுவும்

நுழையும்முன்

கணினி விளையாட்டை விளையாடியவர் பலர், உருவாக்கியவர் சிலர். வெவ்வேறு ஊர்களில் வாழும் மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து அத்தகைய விளையாட்டு ஒன்றை உருவாக்க இயலுமா? இயலும். அதற்குக் கணினியறிவு வேண்டும். அதனினும் மிகுதியாக, பகுத்த வேலையை மீண்டும் ஒன்றுசேர்க்கும் அறிவு வேண்டும். அவ்வறிவை இராமேசுவரக் கடற்கரையிலிருந்து கற்கத் தொடங்குவோம்.

இரு கரை, ஒரு பாலம்

1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் கடற்பாலம் திறக்கப்பட்டது. கப்பல்கள் கடந்து செல்வதற்காக அதன் நடுவே தூக்குப் பாலம் ஒன்று அமைந்திருந்தது. அது இரண்டு பாதிகளால் ஆனது. ஒரு பாதி மண்டபத்தின் பக்கமும் மறு பாதி பாம்பனின் பக்கமும் இருந்தன. தொழிலாளர்கள் இருபுறமும் நின்று கைவிசையால் அவற்றை உயர்த்துவர். கப்பல் சென்றபின் தாழ்த்துவர். ஒருபுறத்தார் தம் பாதியை எவ்வளவு செம்மையாக இயக்கினாலும், நடுவில் இரு பாதிகளும் பொருந்தினாலன்றித் தொடர்வண்டி கடக்க முடியாது.

தொலைவில் இருந்து பணியாற்றும் எந்தக் குழுவுக்கும் இஃது ஏற்ற உவமையாகும். தன் பகுதியை முடிப்பது பணியின் பாதியே. அது மற்றவர் பகுதியோடு பொருந்துவதே பணியின் நிறைவு.

மூன்று நாள் கெடு

இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் கற்றார். அங்கு அவருக்கும் நண்பர்கள் நால்வருக்கும் தாழ்வாகப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி தரப்பட்டது. காற்றியக்க வடிவமைப்பைக் கலாம் ஏற்றார். உந்துவிசை, கட்டமைப்பு, கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றவர்கள் பகிர்ந்துகொண்டனர்.

பணியைப் பார்வையிட்ட பேராசிரியர் சீனிவாசன், அதன் முன்னேற்றம் போதாது என்றார். கலாம் ஒரு மாதம் கேட்டார். கிடைத்தவை மூன்று நாள்களே. அதற்குள் முடிக்காவிடில் கல்வி உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்தது. அத்தொகையை நம்பியே படித்த அவர் உணவையும் உறக்கத்தையும் மறந்து வரைபலகையின் முன் நின்றார், வேலையும் முடிந்தது. இந்நிகழ்வைத் தம் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுக’ளில் அவரே பதிவு செய்துள்ளார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஐவரும் ஒரே கல்லூரியில் இருந்தனர். ஐயம் எழுந்தால் உடனே கேட்டுத் தெளியலாம். குழுவினர் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் என்ன செய்வது?

எழுபத்தைந்து பள்ளிகள், ஒரு செயற்கைக்கோள்

இவ்வினாவுக்கு விடையாக அண்மைக்கால நிகழ்வு ஒன்று உள்ளது. நாட்டின் விடுதலைப் பவளவிழாவை ஒட்டி, ‘ஆசாதிசாட்’ என்னும் சிறு செயற்கைக்கோள் உருவானது. இந்தியாவின் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதில் பங்கேற்றனர். செயற்கைக்கோளின் 75 சிறு கருவித்தொகுதிகள் அவர்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டன. சென்னையின் ‘ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா’ அமைப்பு அவற்றை ஒருங்கிணைத்தது.

2022 ஆகஸ்ட் 7ஆம் நாள், இசுரோவின் புதிய சிறு ஏவூர்தி அதனைச் சுமந்து சென்றது. ஆயினும் செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. ஏவூர்தியின் இரண்டாம் நிலை பிரிந்தபோது சில நொடிகள் அதிர்வு எழுந்தது. அவ்வதிர்வை உணரிகளின் பழுது என ஏவூர்தியின் கணினி தவறாகக் கருதிவிட்டது. உணரிகள் பழுதாகவில்லை, அவை அனுப்பிய செய்தி பிழையாகப் புரிந்துகொள்ளப்பட்டது. உறுப்புகள் நலமாக இருந்தும் அவற்றுக்கு இடையிலான தொடர்பு பிழைத்தால் முழுமை சிதையும் என்பதற்கு இது சான்று.

மாணவியரின் உழைப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. மீண்டும் உருவாக்கப்பட்ட ‘ஆசாதிசாட் 2’, 2023 பிப்ரவரி 10ஆம் நாள் 450 கிலோமீட்டர் உயரத்தில் உரிய பாதையில் சேர்க்கப்பட்டது.

விளையாட்டின் உறுப்புகள்

கணினி விளையாட்டும் பல உறுப்புகளால் ஆனதே. கதை, விளையாட்டு விதி, ஓவியம், ஒலி, நிரல், சோதனை என அவற்றைப் பகுக்கலாம். தொடக்கத்திலேயே பெரிய விளையாட்டைக் கனவு காண்பது மாணவர் குழுக்கள் பொதுவாகச் செய்யும் பிழை. முற்றுப்பெறாத பெரிய விளையாட்டைவிட, முற்றுப்பெற்ற சிறிய விளையாட்டே சிறந்தது.

கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழு, 2023 சூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்லி முதலான உணவுகளைச் சமைக்க முயல்வதே அதன் களம். சில மணி நேரத்தில் அதனை விளையாடி முடித்துவிடலாம். அளவிற் சிறிய அவ்விளையாட்டு, 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகமான ‘பாஃப்டா’வின் சிறந்த முதல் படைப்புக்கான விருதைப் பெற்றது. நம் அடுக்களையும் உலகம் விரும்பும் விளையாட்டுக்குக் களமாகும் என்பதை அது காட்டியது.

ஆவுளியாவைத் தேடி

நம் கடற்கரைக்கு உரிய களம் எது? ஓர் எடுத்துக்காட்டாக, இராமேசுவரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி, பரமக்குடி ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஐந்து மாணவர்கள் ஒரு குழு அமைப்பதாகக் கொள்வோம். ஆவுளியா எனப்படும் கடற்பசுவை அவர்கள் தலைமைப் பாத்திரமாகத் தேர்ந்தெடுக்கின்றனர். ஆவுளியா கடற்புல்லை மேயும் பாலூட்டி. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீரின் மேற்பரப்புக்கு வர வேண்டியது. தாய் ஆவுளியா தன் கன்றைப் புல்வெளிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வழியில் மூச்சுக்கு மேலே வர வேண்டும். வலையில் சிக்காமல் தப்ப வேண்டும். விளையாட்டு விதி இவ்வளவே.

முதற்பணி, இதனை ஒரே பக்கத்தில் எழுதுவதாகும். விளையாடுபவர் என்ன செய்வார், எப்போது வெல்வார், எப்போது தோற்பார் என்பன அதில் இடம்பெற வேண்டும். ஐவரும் படித்து உடன்பட்ட அப்பக்கமே குழுவின் உடன்படிக்கை. பின்னர் எழும் புதிய எண்ணங்களைத் தனித்தாளில் குறித்து வைத்து, முதல் விளையாட்டு முடிந்தபின் கருதலாம்.

கருத்து வேறுபாடும் எழும். வலை வீசும் மீனவரைக் கொடியவராகக் காட்டலாம் என ஒருவர் கூறுகிறார். மீனவக் குடும்பத்து மாணவர் அதனை மறுக்கிறார். வலையில் சிக்கிய ஆவுளியாவை, தம் வலையை அறுத்து விடுவித்த மீனவர்கள் பாக் விரிகுடாவில் உள்ளனர். வலை அறுந்தால் வருவாயும் போகும் என்பதை அம்மாணவர் அறிவார். ஆகவே, வலையை அறுக்கும் மீனவரின் முடிவே விளையாட்டின் இறுதிக் கட்டமாகிறது. இத்தகைய வேறுபாடுகளைக் குறுஞ்செய்தியில் தீர்க்க முயலுதல் கூடாது. எழுத்தில் குரலின் கனிவு தெரியாது. அழைத்துப் பேசி முடிவுசெய்து, அம்முடிவை எழுதி வைப்பதே முறை.

இணைப்பு நாள்

ஓவியர் தம் படத்துக்குக் ‘கடற்பசு1’ எனப் பெயரிடுகிறார். நிரலாளர் ‘ஆவுளியா1’ என்னும் பெயரைத் தேடி நிரல் எழுதுகிறார். இருவர் வேலையிலும் பிழையில்லை. ஆனால் திரையில் படம் தோன்றாது. இரண்டு மாதம் தனித்தனியே உழைத்து இறுதி நாளில் இணைத்தால் இத்தகைய பிழைகள் நூறு சேர்ந்திருக்கும். வாரந்தோறும் இணைத்தால் இரண்டோ மூன்றோ இருக்கும், அன்றே களையலாம். எனவே, வாரத்தில் ஒரு நாளை இணைப்பு நாளாகக் குறிக்க வேண்டும். அன்று விளையாட்டு எவ்வளவு குறைவுடையதாயினும் இயங்கியாக வேண்டும்.

இதற்குத் துணைசெய்யும் கருவிகள் விலையின்றிக் கிடைக்கின்றன. லினசு டோர்வால்ட்சு 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருள், யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும்; பிழை நேர்ந்தால் முந்தைய நிலைக்கு மீளலாம். விளையாட்டை உருவாக்க, 2014இல் கட்டற்ற மென்பொருளாக வெளியான ‘கோடோ’ உதவும்.

ஒவ்வொருவருக்கும் தரப்படும் வேலை ஒரு வாரத்தில் முடியக்கூடியதாக இருத்தல் நன்று. “கடலை வரைக” என்பது வேலையன்று. “கடற்புல் மூன்று வகை, வெள்ளிக்கிழமைக்குள்” என்பதே வேலை.

கணினி இல்லாதவரும் குழுவினரே

எல்லோர் வீட்டிலும் கணினி இருப்பதில்லை. தந்தை கடலுக்குச் சென்று திரும்பிய பிறகே கைப்பேசி கிடைக்கும் மாணவரும் உண்டு. மழைநாளில் மின்சாரமும் இணைப்பும் தடைப்படும். இவற்றைச் சோம்பல் எனக் கருதி ஒருவரை விலக்குவது எளிது. அவ்வாறு விலக்கினால், கடலை நன்கறிந்தவரையே குழு இழக்க நேரிடும்.

அலையோசையைப் பதிவுசெய்யக் கைப்பேசி போதும். உரையாடல் எழுதவும் கடற்புல்லை வரையவும் தாள் போதும். முதிய மீனவரிடம் நீரோட்டமும் காற்றும் பற்றிக் கேட்டுவர, செவி போதும். பள்ளியின் கணினி ஆய்வகத்தை இணைப்பு நாளில் பயன்படுத்தலாம். தடை நேர்ந்தவர் ஒரு வரியில் செய்தி அனுப்பினால், அவர் பணியை மற்றவர் அவ்வாரம் தாங்கலாம். குழுவைக் குலைப்பது தாமதமன்று, சொல்லப்படாத தாமதமே. விளையாட்டின் முடிவில் தோன்றும் பெயர்ப்பட்டியலில் ஐவர் பெயரும், அவரவர் செய்த பணியும் இடம்பெறுதல் அறமாகும்.

முடிவுரை

பாம்பனில் இன்று புதிய பாலம் நிற்கிறது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட அதன் தூக்குப் பகுதி, மின்விசையால் செங்குத்தாக மேலெழுகிறது. கருவிகள் மாறின. எனினும், இணையவேண்டியவை மயிரிழையும் பிசகாமல் இணைந்த பின்னரே தொடர்வண்டிக்கு வழி திறக்கும் என்ற விதி மாறவில்லை. தொலைவில் இருக்கும் தோழர் தம் பாதியைத் தாழ்த்தும் வேளையில், நம் பாதியும் அங்கே இருக்க வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் ‘கொ’, ‘கோ’ போன்ற எழுத்துகளில் மெய்யின் இருபுறமும் குறிகள் வரும். இவற்றைச் சில மென்பொருள்கள் சிதைத்துக் காட்டுவதுண்டு. 2023இல் வெளிவந்த ‘கோடோ’ 4ஆம் பதிப்பு இத்தகைய எழுத்துமுறைகளைச் சரிவரக் காட்டும் வசதியைப் பெற்றது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் தொழில், விலங்கு, விழா ஆகியவற்றுள் ஒன்றைக் களமாகக் கொண்டு, கணினி விளையாட்டுக்கான ஒருபக்கத் திட்டத்தை எழுதுக.
2. ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு வார வேலைப் பகிர்வுப் பட்டியல் உருவாக்குக. கணினி இல்லாத ஒருவருக்கு உரிய பணியையும் அதில் சேர்க்க.
3. “குழுவைக் குலைப்பது தாமதமன்று, சொல்லப்படாத தாமதமே” – இக்கருத்தை உங்கள் பட்டறிவு கொண்டு வகுப்பில் உரையாடுக.