கைப்பிடியை விடாமல் ஒரு கும்பிடு

தசரா சமயத்தில் மும்பை மின்சார ரயில்களுக்கு நடக்கும் பூஜையை நம்மவர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். வண்டியின் முகப்பில் சாமந்தி மாலை, பெட்டிக்குள் மாவிலைத் தோரணம், தினமும் ஒரே வண்டியில் போகும் பிரயாணிகளின் பஜனை. பிரசாதம் எல்லோர் கைக்கும் வந்து சேர்வதற்குள் மோட்டார்மேன் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்து முடித்திருப்பார். மாலை போட்டாகிவிட்டதே என்று அவர் அதை விடுவதில்லை.

மோட்டார்மேனின் அறையில் அவர் ஒருவர்தான். அவருக்குத் திடீரென்று மயக்கமோ மாரடைப்போ வந்தால்? அதற்கென்று வண்டியை ஓட்டும் கைப்பிடியிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. ஓடும்போது அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் பிரேக் தானாகவே பிடித்து வண்டி நின்றுவிடும். ‘டெட்மேன் ஹேண்டில்’ என்பார்கள். பெயர் என்னவோ அமங்கலம்தான். காப்பதோ ஆயிரக்கணக்கான உயிர்களை.

எனக்குப் பழக்கமான மோட்டார்மேன் ஒருவர் பாலக்காட்டுத் தமிழர். பக்திமான். “வழியில் கோயில் தெரிந்தால் தலையை மட்டும் சாய்ப்பேன் சார். ரெண்டு கையையும் கூப்பினால் வண்டி நடு வழியில் நின்றுவிடும். சாமியே கோபித்துக் கொள்வார்” என்று சிரிப்பார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தாராவி அண்ணாச்சியின் நினைவு வரும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. குமாஸ்தாவாக இங்கு வந்த புதிதில் எனக்கு அறையில் இடம் கொடுத்தவர். காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன் ஐந்து நிமிடம் நிற்பார். பிறகு நேரே தண்டவாளத்தில் இறங்கிவிடுவார். பாலம் ஏறி இறங்க ஆறு நிமிடம். குறுக்கே போனால் அரை நிமிடம்.

“அண்ணாச்சி, பாலத்திலே போகலாமே” என்பேன்.

“செந்தூரான் பாத்துக்கிடுவான் தம்பி. பதினாறு வருசமா இதுலதான் போறேன், ஒண்ணும் ஆகலியே!”

அவருக்குப் புத்தி சொன்ன நானும், நேரமாகிவிட்ட நாட்களில் அவர் பின்னாலேயே தாண்டியிருக்கிறேன். ரயில்வே சம்பளம் வாங்குகிறவன்தான்.

ஆடி மாதத்து மழைக் காலை. குடையைப் பிடித்தபடி, ஒரு வண்டி போகட்டும் என்று காத்து நின்றிருக்கிறார். அது போனதும் அடுத்த பாதையில் கால் வைத்தார். போன வண்டியின் இரைச்சலில், எதிர்ப்புறம் வந்த வண்டியின் சத்தம் கேட்கவில்லை. இப்படிப் போனவர் அவர் ஒருவரல்லர். மும்பை புறநகர் ரயில் பாதைகளில் 2022, 2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் 2,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் பாதையைக் கடந்தவர்களே.

ஊரிலிருந்து மதினி வந்தார். “ரயில்வேயிலே ஏதாவது கிடைக்குமா தம்பி?” என்று கேட்டார். விதி தெரிந்த வாயால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. டிக்கெட்டோ சீசனோ வைத்திருக்கும் பிரயாணி வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தால், 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு உண்டு. பாதையைக் கடந்து அடிபட்டவருக்கு அது பொருந்தாது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி அத்துமீறி நுழைவதே குற்றம். 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். அண்ணாச்சியின் சட்டைப் பையில் சீசன் இருந்தது. வாங்கிக் கொடுத்தவன் நான். அது தீர இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“அவரு கும்பிட்ட சாமி ஏன் பாத்துக்கிடலே?” என்றும் மதினி கேட்டார். அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

பாலக்காட்டு நண்பரிடம் பிறகொரு நாள் இதைச் சொன்னேன். வெகு நேரம் பேசாமலிருந்தார். “ஆளைப் பார்த்ததும் ஹாரன் அடிப்போம், பிரேக் போடுவோம். போட்ட இடத்தில் வண்டி நிற்காது சார், சில நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். என் கையால் ஆனதெல்லாம் செய்து முடித்த பிறகு சில விநாடி மிச்சம் இருக்கும். அப்போதுதான் நான் சாமியைக் கூப்பிடுவது. சில சமயம் அந்த ஆள் தாண்டிப் போயிருப்பான்.”

பாலங்கள் குறுகல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்துப் பாலத்தில் நெரிசலில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாலத்தை அகலமாக்குவது நிர்வாகத்தின் வேலை. அதையும் சாமி தலையில் கட்ட முடியாது.

அண்ணாச்சியின் மூத்த மகன் இப்போது அதே பட்டறையில் வேலை பார்க்கிறான். காலையில் இருவரும் சேர்ந்தே புறப்படுகிறோம். மழை நாளில் படி வழுக்கும். பிடித்துப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேலே போனதும் அவன் ஓரமாக ஒதுங்கி, தெற்கே பார்த்து இரண்டு கைகளையும் கூப்புவான். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். கீழே எங்கள் வண்டி புறப்பட்டுப் போய்க் கொண்டிருக்கும். அடுத்த வண்டிக்கு நிற்போம்.